காது வாங்கிய கணக்கு

ஐசேன் வானொலிக் கழகத்தில் பதினேழு பேர்.
பதினேழு பேருக்கும் பேசத் தெரியும்.
கணக்கு எழுத மட்டும் நான்.

மலைமேல் நிற்கிற எங்கள் ரிப்பீட்டருக்கு
ஐம்பது வாட் தொண்டை.
தெற்கே பனிப்பாறை வரை போகும் அதன் குரல்,
கடலில் சால்மன் கூண்டுக்குத் தீனி போடுகிறவனும் கேட்பான்.
ஆனால் பள்ளத்தாக்கிலிருந்து யாராவது
கைப்பெட்டியில் கூப்பிட்டால் அதற்கு விழாது.
முதலை என்று பெயர் வைத்தான் ரெமிஹியோ பாரியா:
வாயை அளந்தால் முழம்,
காதைத் தேடினால் துளை.

ஆகவே காது வாங்கத் தீர்மானம்.
கையிருப்பு நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பேசோ,
அதில் பாதி, ஆட்டுக்கறி விருந்துக்குச் சீட்டு விற்றது.

மூன்று ரிசீவர்கள் மேசைக்கு வந்தன.
ஒன்று புதிது, உறை பிரிக்காதது.
மைக்ரோவோல்ட்டில் பத்தில் ஒரு பங்கையும்
மோப்பம் பிடிக்கும் என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தது.
இன்னொன்று புவெர்த்தோ மோன்ட்டில் மூடிப்போன
டாக்சிக் கம்பெனியின் சொத்து:
எட்டுக் கிலோ, ஒரே ஒரு அலைவரிசை,
மூடியில் யாரோ காப்பிக் கோப்பை வைத்த வட்டம்.
மூன்றாவது ரெமிஹியோவே செய்தது.
அதைப் பற்றி நாகரிகமாக எழுத முடியாது.

புதியதை மலைக்குத் தூக்கிப் போனோம்.
அடுத்த கோபுரத்தில் சுவிசேஷ வானொலி,
இரவும் பகலும் ஆயிரம் வாட்டில் இரட்சிப்பு.
அது ஒரு சங்கீதம் தொடங்கியதும்
எங்கள் நுண்செவி திகைத்துச் செவிடாயிற்று.
எல்லாவற்றையும் கேட்கத் தெரிந்ததற்கு
எதைக் கேட்காமல் விடுவது என்று தெரியவில்லை.
டாக்சிப் பெட்டியோ
இருபது வருடம் நகரத்து இரைச்சலில் சம்பாதித்தது.
புதுக் கிறிஸ்டல் ஒன்று மாட்டியதும்
போதகரை வாசலிலேயே நிறுத்திவிட்டு
எட்டுக் கிலோமீட்டர் தள்ளி ஒருவன் இருமியதை
எடுத்துக் கையில் கொடுத்தது.
எழுபதாயிரம் பேசோ. ரசீது இல்லை.

மலைக்காது போதாது என்றாள் ஒல்கா சோட்டோமயோர்,
வரைபடத்தில் ஃபியோர்டின் கடைசி மூலையில் விரலை ஊன்றி.
அங்கே ஒரு பாறை குறுக்கே நிற்கிறது.
பாறைக்குப் பின்னால் இரண்டாவது காது வேண்டும்,
அது கேட்டதை மலைக்கு அனுப்ப ஓர் இணைப்பு வேண்டும்.
இணையம் வழியே அனுப்பலாமே என்றான் ஒருவன்.
காற்றடிக்காத நாளில் அங்கே இணையம் வரும், என்றாள்,
காற்றடிக்காத நாள்தான் வராது.
சரி, ஒன்பது கம்பி ஆண்டெனா இரண்டு,
நேருக்கு நேர்,
நடுவில் முப்பத்தொரு கிலோமீட்டர் தண்ணீர்.
நான் மலிவான கேபிளைக் காட்டினேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
நல்ல கேபிளுக்குக் கையெழுத்துப் போட்டேன்.

இரண்டு காதிலும் ஒரே குரல் விழுந்தால்
தெளிவானதைத் தேர்ந்தெடுக்க ஒரு சின்னப் பலகை.
வாக்காளன் என்று அதற்குப் பெயர்.
எங்கள் பொதுக்குழுவைவிட வேகம்,
பாதிச் சொல்லில் மனம் மாறும்,
விளக்கம் சொல்லாது.

படகில் ஏற்றி, ஆட்டுப்பட்டிக் கூரையில் கட்டி,
மாலை ஐந்தேகாலுக்கு இயக்கினோம்.
யாரும் அழைப்பதற்கு முன்னால் ஒரு பெண் குரல்:
எதுவினா மான்சியா, ஐந்து வாட், கேட்கிறதா?

பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லை.

இரண்டே முக்கால் வருடமாக
உங்கள் பேச்சைக் கேட்கிறேன், என்றாள்.
ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன்.
ரெமிஹியோ, போன மார்ச்சில் பன்னிரண்டு வோல்ட் ரிலே கேட்டாயே,
என்னிடம் இரண்டு இருக்கிறது.
ஒல்கா, உன் ஜன்னலில் கத்தியது சுக்காவோ, வேறொன்றும் இல்லை.
பொருளாளர் ஐயா,
ஆண்டறிக்கையை வாசித்தீர்களே,
முப்பத்தெட்டும் நாற்பத்தாறும்
எண்பது இல்லை.

நாங்கள் கேட்டோம்.
அவள் கேட்டாள்.
இரண்டும் நடந்திருக்கிறது,
நடுவில் ஒரு பாறை.

வீட்டுக்கு வந்து நோட்டைப் புரட்டினேன்.
எண்பத்து நாலுதான்.
கழகத்தில் இப்போது பதினெட்டுப் பேர்.
அந்த நாலாயிரத்தைத் தன் சந்தாவில் வரவு வைக்கச் சொல்கிறாள்,
விதியில் இடமில்லை என்றேன்,
விதியையும் வாசித்தீர்கள், இருக்கிறது, என்கிறாள்.

ரிலே இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை.